கனவளவும் திணிவும்: உலோகங்களின் அடர்த்தி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஓர் உலோகக் கட்டியின் கனவளவை அவ்வுலோகத்தின் அடர்த்தியாற் பெருக்கினால் அக்கட்டியின் திணிவு கிடைக்கும். விஞ்ஞானம் பயிலத் தொடங்கும் மாணவன் முதலிற் கற்கும் விதிகளுள் இதுவும் ஒன்று. பத்துக் கன சதமமீற்றர் செம்பின் திணிவு யாது என வினவினால், அவன் அட்டவணையில் 8.96 என்னும் எண்ணைக் கண்டு, பெருக்கி, 89.6 கிராம் என்று ஒரு நொடியில் விடை கூறிவிடுவான். பெருக்கலில் அருமை யாதும் இல்லை. அட்டவணையில் அச்சாகியிருக்கும் அந்த எண்ணிலும், பெருக்குமுன் கைவரவேண்டிய கனவளவிலுமே அருமை முழுவதும் அடங்கியிருக்கின்றது. சதுரமாக அறுத்த கட்டிக்கு அளவுகோல் போதும். வேலைப்பாடமைந்த முடிக்கும், தேய்ந்த நாணயத்துக்கும், சுரங்கத்தில் எடுத்த கரடான கட்டிக்கும் அளவுகோல் பயன்படுவதெங்ஙனம்? இவ்விடர்ப்பாட்டை மனிதர் கடந்த வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. கனவளவிலிருந்து நிறையைக் காணும் வழி அமைவதற்கு முன்னர், நிறையிலிருந்தே கனவளவைக் காண அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதற்கண் ஒரு சொல் விளக்கம் வேண்டற்பாலது. திணிவு என்பது ஒரு பொருளில் அடங்கிய சடத்தின் அளவு. நிறை என்பது அப்பொருளைப் பூமி ஈர்க்கும் விசை. இவ்வேறுபாடு 17ஆம் நூற்றாண்டிலேதான் தெளிவுற்றது. அதற்கு முன்னிருந்தோர் தராசு காட்டிய நிறை ஒன்றையே அறிவர். எனினும் இருதட்டுத் தராசு ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடுங் கருவியே ஆதலின், அவர்கள் நிறுத்துப் பெற்ற விகிதங்கள் திணிவின் விகிதங்களாகவும் கொள்ளத்தக்கன. ஒரு பொருளின் நிறையை அதே கனவளவுள்ள நீரின் நிறையோடு ஒப்பிட்டுப் பெறும் எண் தன்னீர்ப்பு எனப்படும். ஒரு கன சதமமீற்றர் நீரின் திணிவு ஏறக்குறைய ஒரு கிராம். ஆகவே கிராம், சதமமீற்றர் ஆகிய அளவைகளில் அடர்த்தியும் தன்னீர்ப்பும் எண்ணளவில் ஏறக்குறைய ஒன்றாகவே அமையும். இவ்வொற்றுமை தற்செயலாக நேர்ந்ததன்று. அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

சிராக்கூசு நகரத்து மன்னன் இரண்டாம் ஈரோவின் முடிபற்றிய கதையை அறியாதார் இலர். தேவர்க்குக் காணிக்கையாகச் செய்வித்த பொன்முடியிற் கொல்லன் வெள்ளியைக் கலந்துவிட்டான் என்னும் ஐயம் மன்னனுக்கு எழுந்தது. முடியின் நிறையோ அவன் கொடுத்த பொன்னின் நிறைக்குச் சரியாகவே இருந்தது. முடியைச் சிதைக்காமல் உண்மை காணும் பொறுப்பு ஆக்கிமிடீசிடம் ஒப்புவிக்கப்பட்டது. நீராடுதொட்டியில் இறங்கியபோது நீர் வழிந்ததைக் கண்ட அவர் மகிழ்ச்சி மிகுதியால் உடையின்றி வீடு நோக்கி ஓடினார் என்னுஞ் செய்தியைத் தருபவர், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கட்டடக்கலைஞர் விற்றுருவியசு. கி.மு. 212இல் ஆக்கிமிடீசு கொலையுண்டபின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழிந்து எழுதப்பட்ட கதை இது. மிதக்கும் பொருள்களைப் பற்றி ஆக்கிமிடீசு இயற்றிய நூலில் முடியைப் பற்றிய பேச்சே இல்லை.

விற்றுருவியசு கூறும் முறை பின்வருமாறு. முடியின் நிறைக்குச் சமமாகப் பொற்கட்டி ஒன்றும் வெள்ளிக்கட்டி ஒன்றும் செய்யப்பட்டன. விளிம்புவரை நீர் நிரப்பிய பாத்திரத்தில் அவை தனித்தனியே இடப்பட்டன. ஒவ்வொரு முறையும் வழிந்தோடிய நீரை ஈடுசெய்ய எத்துணை நீர் ஊற்றவேண்டியிருந்தது என்பது முகத்தலளவையால் அளந்து அறியப்பட்டது. முடி வழியச்செய்த நீர், பொற்கட்டி வழியச்செய்த நீரிலும் மிகுதியாக இருந்தமையாற் கலப்படம் வெளிப்பட்டது. கொள்கை பிழையற்றது, செய்முறையே ஐயத்துக்கிடமானது. முடி 1000 கிராம் நிறையுடையது என வைத்துக்கொண்டால், தூய பொன்னாயின் அதன் கனவளவு 51.8 கன சதமமீற்றர். 300 கிராம் பொன்னை எடுத்துவிட்டு அவ்விடத்து 300 கிராம் வெள்ளியைச் சேர்த்திருப்பின் கனவளவு 64.9 கன சதமமீற்றர் ஆகும். வேறுபாடு 13 கன சதமமீற்றர் மாத்திரமே. முடியை உள்ளடக்கத்தக்க, 20 சதமமீற்றர் விட்டமுள்ள வாயையுடைய பாத்திரத்தில் இவ்வேறுபாடு நீர்மட்டத்தில் அரை மில்லிமீற்றரிலுங் குறைவாகவே தோன்றும். நீர் விளிம்பைப் பற்றிக்கொண்டு மேற்பரப்பிற் குவிந்து நிற்கும் இயல்பு ஒன்றே இதனை மறைத்துவிடப் போதுமானது. பத்திலொரு பங்கு கலப்படம் செய்த கொல்லன் இம்முறையால் அகப்படாது தப்பியிருப்பான்.

இக்குறையைக் கண்டவர்களுள் ஒருவர் கலிலியோ. 1586இல், 22 வயது இளைஞராயிருந்தபோது, சிறு தராசு ஒன்றைப் பற்றி அவர் ஒரு குறுநூல் எழுதினார்; அஃது அவர் மறைந்தபின் 1644இலேயே அச்சேறியது. ஆக்கிமிடீசு போன்ற நுண்மதியாளர் இத்துணைப் பருமட்டான வழியைக் கையாண்டிருக்கமாட்டார் என்பது கலிலியோவின் துணிபு. நீரில் அமிழ்ந்த பொருள் தான் இடம்பெயர்த்த நீரின் நிறையளவுக்கு நிறை குறைந்து தோன்றும் என்னும் உண்மை ஆக்கிமிடீசின் நூலிலேயே நிறுவப்பட்டுள்ளது. எனவே முடியையும் அதற்குச் சமமான பொன்னையும் தராசின் இருபுறத்தும் தொங்கவிட்டு, இரண்டையும் ஒருங்கே நீரில் அமிழ்த்தினாற் போதும். மேலே கூறிய முடி பொன்னிலும் 13 கிராம் இலேசாகத் தோன்றும். கண்ணுக்குப் புலப்படாத நீர்மட்ட வேறுபாடு, சந்தைத் தராசிலும் தெளிவாகத் தெரியும் நிறை வேறுபாடாக மாறிவிடுகின்றது. கலிலியோ தம் தராசுக் கோலின் ஒரு பகுதியில் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிவைத்தார். சுற்றுக்கள் கண்ணால் எண்ண முடியாதவாறு நுண்ணியனவாயிருந்தமையால், கூர்மையான ஊசிமுனையை அவற்றின்மேல் மெல்ல இழுத்து, கைக்குப் படும் தடையாலும் காதிற் படும் ஒலியாலும் எண்ணும் உபாயத்தையும் அவர் சொல்லியுள்ளார்.

பொன்னின் தரங் காண்பதற்கு உலகெங்கும் வழங்கிய பழைய முறை உரைகல்லே. பொன்னைக் கல்லில் உரைத்து, அக்கீற்றின் நிறத்தை மாற்றறிந்த ஆணிகளின் கீற்றோடு ஒப்பிடும் வழக்கம் தமிழ்நாட்டுத் தட்டாரிடமும் நெடுங்காலம் நிலவியது. ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என இன்றும் வழங்குஞ் சொல் அதன் எச்சமாகும். ஆனால் உரைகல் பொருளின் மேற்புறத்தை மாத்திரமே பேசவைக்கும். தஞ்சைப் பெருங்கோயிலுக்கு முதலாம் இராசராசன் காலத்தில் வழங்கப்பட்ட அணிகலன்களின் நிறையைக் கூறும் கல்வெட்டுக்கள், அரக்கு முதலியன உட்பட நிறுத்த நிறை எனக் குறித்துச் செல்வதைக் காணலாம். உள்ளே பொன்னல்லாதது இருப்பதை ஒளிக்காது எழுதிவைத்த நேர்மை அது. ஒளிக்க விரும்பியவனைக் கண்டுபிடிக்கவோ நீரும் தராசும் வேண்டியிருந்தன.

கலிலியோவுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே இவ்விரண்டையும் கொண்டு உலோகங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர் அல்பிரூனி. 973இல் மத்திய ஆசியாவின் குவாரசம் நாட்டிற் பிறந்து, கசினி மாமூதின் அவையில் இருந்து, இந்தியாவைப் பற்றி அரிய நூலொன்று யாத்த பேரறிஞர் அவரே. அவர் அமைத்த கருவி கூம்பு வடிவான ஒரு பாத்திரம். அதன் கழுத்து மிக ஒடுக்கமானது. ஆகவே சிறிதளவு பொருளை இட்டாலும் நீர்மட்டம் தெளிவாக உயரும். கழுத்தின் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி வளைந்த குழாயின் வழியே வெளியேறும் நீர் நேரே ஒரு தராசுத் தட்டில் விழும். நீர் ஒடுங்கிய குழாயினுள் ஒட்டிக்கொண்டு வெளிவர மறுத்த தொல்லையையும் அவர் கண்டு, குழாயின் அமைப்பை மாற்றித் திருத்தினார். விற்றுருவியசின் கதையில் முகந்து அளந்த நீரை அல்பிரூனி நிறுத்து அளந்தார் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

அவர் ஒவ்வோர் உலோகத்திலும் 100 மித்கால் எடுத்துக்கொண்டு, அஃது எத்துணை நீரை வெளியேற்றுகின்றது எனக் கண்டார். ஒரு மித்கால் ஆறு தானக்கும், ஒரு தானக் நான்கு தசூச்சும் கொண்டது. 100 மித்கால் பொன் வெளியேற்றிய நீர் 5 மித்கால், 1 தானக், 2 தசூச். அதாவது ஐந்தேகால் மித்கால். 100ஐ ஐந்தேகாலால் வகுத்தால் 19.05 வரும். இன்று ஏற்றுக்கொள்ளப்படும் எண் 19.3. ஈயத்துக்கு அவருடைய நீர் 8 மித்கால், 5 தானக், வகுத்தால் 11.32. இன்றைய எண் 11.34. இரசத்துக்கு அவர் எண்கள் தருவது 13.56, இன்றையது 13.6. இரும்புக்கு 7.74ம், வெள்ளீயத்துக்கு 7.32ம், வெள்ளிக்கு 10.30ம் பெறப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கையால் அடித்துச் செய்த பாத்திரத்தைக் கொண்டு பெற்ற எண்கள் இவை என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது. எஞ்சிய பிழையும் பெரும்பாலும் உலோகங்களின் தூய்மையைச் சார்ந்ததேயாம். தூய்மையின் இன்றியமையாமையை அவர் உணராமலில்லை. பொன்னைப் பலமுறை உருக்கித் தூய்மை செய்த பின்னரே அவர் நிறுத்தார். இரத்தினக் கற்களையும் அவர் இவ்வாறே ஆராய்ந்தார். உலோகங்களுக்குப் பொன்னை அடிப்படையாகக் கொண்டதுபோலக் கற்களுக்கு நீலக்கல்லை அடிப்படையாகக் கொண்டார். அரபு நூல்கள் சரந்தீபு என வழங்கும் இலங்கை அக்காலத்தே அத்தகைய கற்களுக்குப் பெயர்பெற்ற நாடு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வெண்கள் நிலைபெற்றது அல்காசினி என்னும் மற்றோர் அறிஞரால். கிரேக்க மரபினராய், அடிமையாய் இருந்து விடுதலை பெற்று, மேர்வு நகரில் செல்சுக்கிய அரசின்கீழ் வாழ்ந்த அவர், 1121ஆம் ஆண்டளவில் ‘ஞானத் தராசு’ எனப் பொருள்படும் நூலை முடித்தார். ஐந்து தட்டுக்களையுடையதும் ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளமான கோலையுடையதுமான தராசொன்று அதில் விவரிக்கப்படுகின்றது. இரண்டு உலோகங்கள் கலந்த பொருளை நீரில் நிறுத்து, ஒவ்வொன்றும் எத்துணை என்பதை அத்தராசின் கோலிலேயே வாசிக்கலாம். அரச கருவூலத்துக்கு வரும் பொன்னும் மணியும் மெய்யோ பொய்யோ என்னும் வினாவே அதன் பின்னணி. அந்நூலில் ஒரு நுட்பம் உண்டு. நீர் பொருள்களை மேலுதைப்பதுபோல வளியும் மேலுதைக்கின்றது. ஆகவே வளியில் நிறுத்த நிறையும் முற்றும் மெய்யான நிறையன்று என்கிறார் அல்காசினி. அன்று அது வெறுந் தத்துவமாகவே தோன்றியிருக்கும். எட்டு நூற்றாண்டுகள் கழித்து அஃது அளவியலாரின் அன்றாடக் கவலையாயிற்று.

இதுவரை கூறியவையெல்லாம் நிறையிலிருந்து கனவளவையும், கனவளவிலிருந்து தூய்மையையும் கண்ட முயற்சிகள். எதிர்த்திசையில், கனவளவிலிருந்து நிறையைக் காணவேண்டிய அவசியம் ஐரோப்பாவிற் பீரங்கிப் போரோடு தோன்றியது. கற்குண்டுகளின் இடத்தை வார்ப்பிரும்புக் குண்டுகள் பற்றிக்கொண்ட காலம் அது. பீரங்கியில் இடவேண்டிய வெடிமருந்து குண்டின் நிறைக்கேற்பக் கணக்கிடப்பட்டது. மருந்து குறைந்தாற் குண்டு இலக்கை எட்டாது. மிகுந்தாற் பீரங்கியே பிளந்து அருகில் நின்றோரை மாய்க்கும். போர்க்களத்தில் ஒவ்வொரு குண்டையும் தராசில் ஏற்றுவது இயலாத செயல். 1540இல் நியூரம்பேக்கு நகரத்துக் கியோர்க்கு ஆட்மன் என்பார் இதற்கொரு கோலை அமைத்தார். குண்டின் விட்டத்தை அக்கோலில் வைத்துப் பார்த்தால், அது கல்லாயின் இத்துணை, இரும்பாயின் இத்துணை, ஈயமாயின் இத்துணை நிறை என்பதை வாசிக்கலாம். அக்கோலிற் பதிந்திருப்பது கனவளவை அடர்த்தியாற் பெருக்கும் விதியே. கோலைப் பிடித்த வீரன் பெருக்கவும் வேண்டுவதில்லை.

அக்கோலின் பிரிவுகள் சமதூரத்தில் அமைவன அல்ல. கோளத்தின் கனவளவு விட்டத்தின் மும்மடிக்கு விகிதசமமானது. விட்டம் இருமடங்கானால் நிறை எண்மடங்காகும். 12 சதமமீற்றர் விட்டமுள்ள குண்டின் கனவளவு ஏறக்குறைய 905 கன சதமமீற்றர். வார்ப்பிரும்பின் அடர்த்தியை 7.2 எனக் கொண்டால் அதன் திணிவு 6.5 கிலோகிராம், ஈயமாயின் 10.3 கிலோகிராம், கருங்கல்லாயின் இரண்டரைக் கிலோகிராமிலுங் குறைவு. விட்டத்தை அளப்பதில் நூற்றுக்கு ஐந்து பிழை ஏற்படின் திணிவில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற் பிழை ஏற்படும். கனவளவிலிருந்து திணிவைக் காணும் முறைக்கு இயல்பாகவே உள்ள இந்த வலுக்குறை, பிற்காலத்தில் மிக நுண்ணிய ஆய்வுகளையும் துன்புறுத்தியது.

கலிலியோ 1597அளவில் அமைத்து விற்ற இராணுவக் கவராயத்திலும் உலோகங்களுக்கெனத் தனிக்கோடு உண்டு. பொன், ஈயம், வெள்ளி, செம்பு, இரும்பு, வெள்ளீயம், சலவைக்கல், கல் என்பவற்றின் குறிகள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டன. ஒரே நிறையுள்ள குண்டுகள் ஒவ்வொரு பொருளிலும் எத்துணைப் பருமனாயிருக்கும் என்பதை அதனால் அறியலாம். 1603இல் இரகூசா நகரத்து மரீனோ கெத்தால்டி உரோமில் வெளியிட்ட நூல் இத்துறையை ஒழுங்குபடுத்தியது. பொன் 19, வெள்ளி பத்தும் மூன்றிலொன்றும், செம்பு 9, இரும்பு 8 என அவர் எண்கள் தந்தார். அல்பிரூனியின் எண்களோடு ஒப்பிடின் இரும்பு சற்றே மிகுந்து நிற்கின்றது. ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியது என்பதனால் மாத்திரம் ஓர் அளவீடு சிறந்ததாகிவிடாது.

1687இல் வெளிவந்த நியூற்றனின் பெருநூல் இவ்விதிக்கு எதிர்பாராத ஓர் ஏற்றத்தை அளித்தது. நூலின் முதலாவது வரைவிலக்கணமே இதுதான்: சடத்தின் அளவு, அதாவது திணிவு, அடர்த்தியும் கனவளவும் சேர்ந்து பெறப்படுவது. தட்டாரும் பீரங்கிப் படையினரும் கையாண்ட பெருக்கல் இயக்கவியலின் வாயிலில் வந்து நின்றது. இதில் வட்டத் தருக்கம் உண்டு என்று ஏணசுற்று மாக்கு 1883இல் கண்டித்தார். அடர்த்தி என்பதே திணிவைக் கனவளவாற் பிரித்துப் பெறுவதாயின், அடர்த்தியைக் கொண்டு திணிவை வரையறுப்பது எவ்வாறு பொருந்தும் என்பது அவர் வினா. தருக்கத்தில் அவ்வினா வலியதே. வரலாற்றிலோ, நியூற்றன் காலத்து அறிஞருக்கு அடர்த்தி என்பது நீர்த்தராசால் நேரே காணத்தக்க இயல்பாகவே தோன்றியது. அவர்கள் கையிற் சிறந்த அட்டவணைகள் இருந்தன.

அவ்வட்டவணைகளின்மேல் வைத்த நம்பிக்கையைத் தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஓர் உலோகம் குலைத்தது. நியூ கிரனாடாவின் ஆற்றுமணலிற் பொன்னோடு சேர்ந்து கிடைத்த வெண்ணிறத் துணிக்கைகளை இசுப்பானியர் ‘சிறு வெள்ளி’ என்று பொருள்படப் பிளாற்றினா என இகழ்ந்து அழைத்தனர். அஃது உருகாது, எனவே பயனற்றது எனக் கருதப்பட்டது. ஆயின் அதன் அடர்த்தி 21.4; பொன்னிலும் மிகுதி. பொன்னிற் செம்பைக் கலந்தால் அடர்த்தி குறையும். அதனோடு பிளாற்றினத்தையுஞ் சேர்த்தால் குறைந்தது நிரம்பிவிடும். ஆக்கிமிடீசின் சோதனை அங்கே ஏமாந்து நிற்கும். இவ்வச்சத்தால் 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு அதிகாரிகள் பிளாற்றினத்தை ஆற்றிற் கொட்டுவித்தனர். இக்காலத்துக் கள்ளர்க்கோ வேறோர் உலோகம் வாய்த்துள்ளது. 1783இல் பிரித்தெடுக்கப்பட்ட தங்குதனின் அடர்த்தி 19.25, பொன்னின் அடர்த்திக்கு மிக அண்மையது. தங்குதன் உள்ளீட்டின்மேற் பொன் போர்த்திய போலிப் பாளங்களை நீர்த்தராசு எளிதிற் பிடித்துவிடாது. அடர்த்தியொன்றே தெரிந்தால் உலோகம் இன்னதெனத் துணிய முடியாது என்பதற்கு இவை சான்று.

ஆற்றிற் கொட்டப்பட்ட அதே பிளாற்றினம் அந்நூற்றாண்டு முடியுமுன் பாரிசு நகரில் உலகின் நிறையளவைகளுக்குத் தலைமை ஏற்றது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, ஊருக்கூர் மாறிய படிகளையும் மரக்கால்களையும் ஒழித்து, எல்லா நாட்டாருக்கும் பொதுவான அளவை ஒன்றை இயற்கையிலிருந்தே பெறவேண்டும் என்று அறிஞர் விரும்பினர். பூமியிலிருந்து மீற்றர், மீற்றரிலிருந்து கனவளவு, கனவளவிலிருந்து நீரின் திணிவு. 1795 ஏப்பிரில் 7ஆந் தேதிச் சட்டப்படி, ஒரு கன சதமமீற்றர் தூய நீரின் திணிவே கிராம். நீரின் அடர்த்தி ஒன்று என அட்டவணைகளில் அமைந்ததன் காரணம் இதுவே. நீருக்கு அவ்வெண் இயற்கை தந்ததன்று, மனிதர் தீர்மானித்தது.

சட்டத்தை எழுதுவது எளிது. அதனை உலோகத்திற் காட்டுவது அரிது. இவ்வேலையைத் தொடங்கிய இலாவோசியர் 1794இற் கொலைத்தண்டனைக்கு ஆளானார். இலெபேவர்-சினோ என்னும் பிரெஞ்சுக்காரரும் பபுரோனி என்னும் இத்தாலியரும் 1799இல் அதனை முடித்தனர். நீரைப் பாத்திரத்தில் ஊற்றி அளப்பதை அவர்கள் நாடவில்லை. ஏறக்குறைய 24 சதமமீற்றர் விட்டமும் அதேயளவு உயரமும் கொண்ட உள்ளீடற்ற பித்தளை உருளை ஒன்றைச் செய்வித்து, அதன் அளவுகளைப் பல இடங்களில் மிக நுணுக்கமாக அளந்து கனவளவைக் கணித்தனர். பின்னர் அதனை வளியிலும் நீரிலும் நிறுத்து, அது இடம்பெயர்த்த நீரின் நிறையைக் கண்டனர். ஆக்கிமிடீசின் முறையே தலைகீழாக நின்று பணிசெய்தது. பனி உருகும் வெப்பநிலையன்று, 4 பாகை வெப்பநிலையிலேதான் நீர் மிக்க அடர்த்தியுடையது என்பதையும் கண்டு, அதனையே அடிப்படையாக ஏற்றனர். இவ்வாறு பெற்ற அளவுக்கேற்பச் செய்யப்பட்ட பிளாற்றின உருளை 1799 யூன் 22ஆந் தேதி அரச ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது.

ஒரு நூற்றாண்டு கழித்து, ஒளியலைகளைக் கொண்டு கனவளவுகளை அளக்கும் வழி கைவந்தபோது இவ்வேலை மீளச் சோதிக்கப்பட்டது. ஒரு கிலோகிராம் நீரின் கனவளவு ஆயிரம் கன சதமமீற்றரன்று, அதனிலும் 0.028 கன சதமமீற்றர் மிகுதி எனத் தெரியவந்தது. பித்தளை உருளையின் ஒவ்வோர் அளவிலும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு பிழைத்திருந்தாலே இத்துணை வேறுபாடு விளைந்துவிடும். பிழை தெரிந்தபோதிலும், எங்கும் பரவிவிட்ட கிலோகிராமை எவரும் மாற்றத் துணிந்திலர். 1901இல் இலீற்றரை ஒரு கிலோகிராம் நீரின் கனவளவு என வகுத்தமையால், இலீற்றரும் ஆயிரம் கன சதமமீற்றரும் சிறிது வேறாகவே வழங்கின. 1964இல் அந்த வரைவிலக்கணம் நீக்கப்பட்டு இரண்டும் ஒன்றாக்கப்பட்டன.

1889இல் ஏற்கப்பட்ட சருவதேச மூலக் கிலோகிராம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பிளாற்றினமும் பத்துப் பங்கு இரிடியமும் கொண்ட உருளை. அதன் விட்டமும் உயரமும் ஏறக்குறைய 39 மில்லிமீற்றர். மாணவர் கணித்துப் பார்க்கலாம்: கனவளவு 46.6 கன சதமமீற்றர், அடர்த்தி 21.5, பெருக்கினால் ஆயிரத்துக்குச் சற்று மேல் வரும். உருளையின் விளிம்புகள் சீவப்பட்டிருப்பதையும் அளவுகள் முழுவெண்ணாகத் தரப்பட்டிருப்பதையும் கருதின் விடை பொருத்தமே. அத்துணை அடர்த்தியான உலோகத்தைத் தேர்ந்தமைக்குக் காரணங்களுள் ஒன்று அல்காசினி அன்றே சொன்ன வளியின் மேலுதைப்பு. ஒரு கிலோகிராம் பிளாற்றின-இரிடியம் இடம்பெயர்க்கும் வளி ஏறக்குறைய 56 மில்லிகிராம். அடர்த்தி 8 கொண்ட உருக்கினால் ஆன கிலோகிராம் 150 மில்லிகிராம் வளியை இடம்பெயர்க்கும். இவ்விரண்டையும் தராசில் ஒப்பிடும்போது 94 மில்லிகிராம் திருத்தம் செய்யாவிடின் ஒப்பீடே பொய்யாகும். அத்திருத்தத்துக்கு இரண்டு உலோகங்களின் கனவளவும் நுட்பமாகத் தெரிந்திருத்தல் வேண்டும். நிறுப்பதற்கும் அடர்த்தி துணையாக வேண்டியிருந்தது.

மூலக் கிலோகிராமையும் அதன் பிரதிகளையும் நூறாண்டு இடைவெளியில் ஒப்பிட்டபோது, அவற்றிடையே ஒரு கிராமின் பத்துலட்சத்தில் ஏறக்குறைய ஐம்பது பங்கு வேறுபாடு விளைந்திருந்தது. எது கூடியது, எது குறைந்தது எனத் தீர்க்க வழியில்லை. மூலப்படி எதுவோ அதுவே கிலோகிராம் என்பது சட்டம். 2018 நவம்பரில் உலக நாடுகள் கூடி அச்சட்டத்தை மாற்றின. 2019 மே 20ஆந் தேதிமுதல் கிலோகிராம் பிளாங்கின் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகின்றது. அதனைப் பொருளிற் காட்டுதற்குள்ள இரு வழிகளுள் ஒன்று கிபிள் தராசு எனப்படும் மின்றராசு. மற்றையது தராசையே நாடாதது. உலோகமும் அல்லாத, அல்லுலோகமும் அல்லாத சிலிக்கனின் ஒரே ஓரிடமூலகத்தாலான தனிப் பளிங்கைக் கோளமாகக் கடைந்து மெருகிடுகின்றனர். அதன் விட்டத்தை எல்லாத் திசைகளிலும் ஒளியலைகளால் அளந்து கனவளவைக் காண்கின்றனர். பளிங்கில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் இடைவெளியை எட்சுக் கதிர்கள் தருகின்றன. ஓர் அலகுக் கலத்தில் எட்டு அணுக்கள். கனவளவைக் கலத்தின் கனவளவாற் பிரித்து எட்டாற் பெருக்கினால் அணுக்களின் தொகை. அதனை ஓரணுவின் திணிவாற் பெருக்கி, மேற்பரப்பிற் படிந்த மென்படலத்துக்குத் திருத்தஞ் செய்தால் கோளத்தின் திணிவு. அக்கோளத்தின் விட்டம் ஏறக்குறைய 93.7 மில்லிமீற்றர், கனவளவு ஏறக்குறைய 431 கன சதமமீற்றர், திணிவு ஒரு கிலோகிராம்.